நீல விளக்கு எரிந்தால் காது நலம்

செவிநல வாரியம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை நெய்வேலியில் ஒரு தொழிலாளிக்குக்கூடக் காது போனதில்லை. இதைச் சொல்வது நான் இல்லை, வாரியம். அதன் கட்டட வாசலில் ஆளுயரப் பலகை ஒன்றில் மஞ்சள் எழுத்தில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அது எப்படி ஐயா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், வாசலில் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்திருக்காது.

வாரியத்துக்கு ஒரே ஒரு வேலைதான். சத்தமான இடங்களில் வேலை செய்கிறவர்களின் காதைச் சோதிக்க வேண்டும். காது மந்தமானவர்களைச் சத்தமில்லாத இடத்துக்கு மாற்றும்படி எழுதித் தர வேண்டும். சோதனை ஒழுங்காக நடக்கிறது. எழுதித் தருவதுதான் இதுவரை நடந்ததில்லை. ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் பலகையை மாற்றியாக வேண்டும். பலகையை மாற்றுவதென்றால் டெண்டர் விட வேண்டும். அதெல்லாம் லேசில் ஆகிற காரியமா?

இந்த விவரம் தெரியாமல்தான் செங்குட்டுவன் அங்கே போனார்.

செங்குட்டுவனுக்கு ஊர் மேல்பட்டாம்பாக்கம். மகள் கல்லூரிக்குப் போகிற வயதாகியும் அவர் இன்னும் காண்ட்ராக்ட் தொழிலாளிதான். சுரங்கத்திலிருந்து நிலக்கரியைச் சுமந்துவரும் கன்வேயர் பெல்ட்டை இழுப்பதற்குப் பெரிய பெரிய மோட்டார்கள் இருக்கும். அந்த இடத்துக்கு டிரைவ் ஹெட் என்று பெயர். அங்கேதான் அவருக்கு வேலை. அங்கே இருப்பதை வெறுமனே சத்தம் என்று சொன்னால் அது அந்த மோட்டார்களை அவமதிப்பதாகும். பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறப்பது தெரியும். அவன் பாடுகிறானா, கொட்டாவி விடுகிறானா, உதவிக்குக் கூப்பிடுகிறானா என்பது தெரியாது. அதனால் அங்கே எல்லாம் கை ஜாடைதான். உள்ளங்கையைக் காட்டினால் பெல்ட்டை நிறுத்து. ஆள்காட்டி விரலை மேலே தூக்கிச் சுழற்றினால் ஓட்டு, நிறுத்தாதே. அவர் மனைவி செவ்வந்திக்கும் இந்த ஜாடைகள் அத்துப்படி. சோறு போதும் என்பதற்கு உள்ளங்கையும், கிரைண்டரைப் போடுங்கள் என்பதற்குச் சுழலும் விரலுமாக அந்தக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

ஷிப்டு தொடங்கும்போது வருகை எடுப்பதும் அப்படித்தான். சூப்பர்வைசர் ஜெயராமன் குனிந்து ஒரு பெயரைப் படிப்பார். அது அவருக்கே கேட்காது. படித்துவிட்டு முகத்தை நிமிர்த்தி உரிய ஆளைப் பார்ப்பார். அந்த ஆள் கையைத் தூக்குவான். வருடக்கணக்காக இது ஊறிப்போனதில், யார் குனிந்து நிமிர்ந்து பார்த்தாலும் செங்குட்டுவனின் கை தானாக மேலே போய்விடும். பந்தியில் பரிமாறுகிறவர் நிமிர்ந்து பார்த்தாலே கை தூக்கிவிடுவதால், அவர் இலையில் எப்போதும் ரசம் குளம் கட்டி நிற்கும்.

அவருக்கு மேளம் என்றால் உயிர். நாகஸ்வரம், தவில், தாளம் மூன்றும் சேர்ந்து கோயில் வாசலில் எழும்பினால் அவருக்குப் பசி எடுக்காது. போன வருடம் திருவதிகைத் தேரின்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார். தாளக்காரர் மும்முரமாகக் கையை ஆட்டுகிறார், சத்தம் மட்டும் வரவில்லை.

"காசு வாங்கிகினு சும்மா கைய ஆட்டிகினு நிக்கறாம் பாரு" என்று செவ்வந்தியிடம் சொன்னார்.

செவ்வந்தி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "காதப் பொளக்குதுங்க. உங்களுக்குக் கேக்கல?"

முதலில் தாளம் போயிற்று, அடுத்தது எது என்கிற பயம் செங்குட்டுவனைப் பிடித்துக்கொண்டது.

மெயின் பஜாரில் செல்போன் உறை, சார்ஜர் விற்கும் ஹாமித்திடம்தான் தன் சங்கடத்தைச் சொன்னார். ஹாமித் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தான். ஒரு பக்கம் போனில் செருக வயர், மறுபக்கம் ஹெட்போனுக்கு ஓட்டை, நடுவில் ஒரு சுவிட்ச்.

"போன்ல இருக்கற பாட்டு வெறும் நம்பருண்ணே. அத ஒழுங்கா சவுண்டா மாத்தற வேல இதுக்கு. டாக்குனு சொல்வாங்க. உள்ளயே ஆம்பும் இருக்குது, ஹெட்போனுக்குத் தூக்கிக் குடுக்கும். சுவிட்ச இப்படித் தள்ளுனா லோ கெயின், சவுண்டு கம்மி. அப்படித் தள்ளுனா ஹை, சவுண்டு ஜாஸ்தி. சாதாப் பாட்டுனா பச்ச லைட்டு எரியும், நல்லா ரெக்கார்டு பண்ண பாட்டுனா நீல லைட்டு. போட்டுப் பாருங்க."

லோவில் நாகஸ்வரம் எங்கோ தூரத்தில் கேட்டது. ஹாமித் சுவிட்சை ஹைக்குத் தள்ளினான். நீல விளக்கு எரிந்தது. தவில் வந்தது. அதற்கு மேலே, ஒதுங்கி நின்று தட்டுகிற மாதிரி, தாளம் வந்தது. செங்குட்டுவன் கடை நடுவிலேயே அழுதுவிட்டார். செல்போன் உறை வாங்க வந்தவர்கள் என்ன ஏதென்று புரியாமல் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

ஹாமித் சந்தோஷப்படவில்லை. அதே ஹெட்போனைத் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று கழற்றினான். "அண்ணே, நீங்க கேட்ட சவுண்ட என்னால ஒரு நிமிசம் தாங்க முடியல. காது போய்க்கினே இருக்குது உங்களுக்கு. அந்த மோட்டாராண்டயிருந்து வெளிய வந்துடுங்க. இல்லனா கொஞ்ச நாள்ல இந்தப் பொட்டி வச்சாலும் கேக்காது."

பெட்டியையும் ஹெட்போனையும் வாங்கிக்கொண்டு போன செங்குட்டுவன் மறுநாளே ஜெயராமனிடம் போய் நின்றார். ஜெயராமன் கெட்டவர் இல்லை. "வாரியத்துல ஒரு வரி எழுதி வாங்கியாந்துடு. அன்னிக்கே உன்ன நர்சரிக்கு மாத்திடறேன். செடிக்குத் தண்ணி ஊத்தறதுதான் வேல. குருவி சத்தம் மட்டுந்தான் கேக்கும்" என்று அவர் காதருகே கத்தினார்.

சோதனை அன்று செங்குட்டுவனைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டினார்கள். வெளியே மேசையில் சோதனை அலுவலர் பிரவீன்குமார். ஹெட்போனை மாட்டிய பிறகுதான் அவர் சோதனையின் விதியை விளக்கினார். அதாவது, சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று சொன்னார். உள்ளே இருந்தவருக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பிரவீன்குமார் குனிந்து பொத்தானை அழுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். செங்குட்டுவன் கையைத் தூக்கினார். சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி குனிந்து நிமிர்ந்தார். கை மேலே போனது. இன்னும் குறைத்தார், இன்னும் குறைத்தார். கடைசியில் பொத்தானை அழுத்தவே மறந்துவிட்டு நிமிர்ந்தபோதும் அந்தக் கை கம்பீரமாக உயர்ந்தது.

"பிறந்த குழந்தையோட காது உங்களுக்கு" என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு உரக்கச் சொன்னார் பிரவீன்குமார்.

"சார், எனக்கு ஒண்ணுமே கேக்கலிங்களே."

"பின்ன ஏங்க ஒவ்வொரு வாட்டியும் கைய தூக்கினீங்க?"

"நீங்க பாத்தீங்க சார்."

பிரவீன்குமார் மேசைப் பக்கம் திரும்பினார். அவர் மேசையில் அன்றைய முடிவுகள் கிடந்தன. டிரைவ் ஹெட்டிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் பிறந்த குழந்தையின் காதுதான். காரணம் அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "நான் பாத்ததாலதான் கைய தூக்கினீங்கன்னு போடறதுக்கு இந்த பாரத்துல வழி இல்லிங்க. நீங்க வேணும்னா மேல்முறையீடு போடுங்க" என்றார்.

மேல்முறையீட்டை விசாரிப்பவர் வாரியத் தலைவர் முனைவர் இனியன். அவர் முனைவர் பட்டம் வாங்கியது கரும்பில் வரும் தண்டுப்புழுவைப் பற்றி. அதைக் குறையாக யாரும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. பக்கத்தில் உறுப்பினர் செயலர் செல்லக்கிளி அம்மையார் அமர்ந்திருந்தார். செங்குட்டுவன் தன் டாக்கை மேசைமேல் வைத்தார். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், காட்டினால் நம்புவார்கள் என்று பாவம் அவர் நினைத்திருந்தார்.

"ஐயா, இது ஹை கெயினுங்க. இதுல வச்சாதான் எனக்குத் தாளம் கேக்குது. நீங்களே கேட்டுப் பாருங்க, உங்களால தாங்க முடியாது. அப்பன்னா என் காது எந்த மாதிரி இருக்குதுன்னு பாத்துக்குங்க."

தலைவர் ஹெட்போனை மாட்டினார். நாற்காலியோடு பின்னால் துள்ளினார். செல்லக்கிளி அம்மையார் மாட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தரையில் தேடினார். நிரூபணம் முடிந்தது என்று செங்குட்டுவன் கைகட்டி நின்றார்.

தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "ஆக, இதுல உங்களுக்குக் கேக்குது?"

கொஞ்சம் சத்தமாகவே கேட்டதால் அது செங்குட்டுவனுக்கு விளங்கியது. "கேக்குதுங்க."

"தாளம் வரைக்கும்?"

"தாளம் வரைக்குங்க."

தலைவர் எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய விஷயமாக அவருக்கு அது தோன்றவில்லை. "செயலர் அவர்களே, நன்றாகக் கவனியுங்கள். இத்தனை காலமும் நாம் தொழிலாளியின் காதைச் சந்தேகித்து வந்திருக்கிறோம். எவ்வளவு பெரிய அநீதி! போதுமான ஒலி கொடுத்தால் அவருக்குக் கேட்கிறது. அப்படியானால் குறை காதில் இல்லை, ஒலியில் இருக்கிறது. ஒலி பலவீனமாக இருப்பதற்கு ஒரு தொழிலாளியை மாற்றல் செய்ய முடியுமா? ஒலியைத்தான் சரிசெய்ய வேண்டும்."

"அந்தச் சோதனை மெஷின்ல மழைத்தண்ணி எறங்கி ரெண்டு வருசமா கரகரங்குது சார்" என்றார் செல்லக்கிளி அம்மையார்.

"பார்த்தீர்களா!" என்றார் தலைவர். அவர் கண்கள் டாக்கின்மேல் இருந்தன.

மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. டாக், வாரியத்தின் அதிகாரபூர்வ அளவுகோலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. செங்குட்டுவன் அதை எடுத்துப் பைக்குள் போடப் போனபோது செல்லக்கிளி அம்மையார் அவர் கையை மெதுவாகத் தட்டிவிட்டார். "அளவுகோல வூட்டுக்கு எடுத்துகினு போவாங்களா? ஊருக்கே பயன்படப் போவுது, பெருமப்படுங்க" என்றார்.

பெருமைப்பட்டுக்கொண்டே செங்குட்டுவன் வெறுங்கையோடு பஸ் ஏறினார். திருப்பிக் கேட்க வாயெடுத்தார்தான். ஆனால் கேட்டால் அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று தெரியப்போவதில்லையே என்று விட்டுவிட்டார். ஹாமித் தெரிந்த கடைக்கெல்லாம் சொல்லிவைத்தான். அதே மாதிரி இன்னொன்று எங்கும் வரவில்லை.

அன்று முதல் எல்லாச் சோதனையும் டாக் வழியாக, ஹை கெயினில் நடந்தது. வாரியம் புது உச்சத்தைத் தொட்டது. தங்கராசு என்றொரு முதியவர், முழுச் செவிடு என்று பழைய மருத்துவர்கள் எழுதிக்கொடுத்து உதவித்தொகை வாங்கிவந்தவர். பேரன் பேத்திகளின் குரலே கேட்டறியாதவர். அவரைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டியதும், "கேக்குது! ஏதோ கேக்குதுடா சாமி!" என்று கும்பிட்டுக் கத்தினார். வாரிய ஊழியர்கள் கண் கலங்கிக் கைதட்டினார்கள். அவருடைய உதவித்தொகை அன்று மாலையே நிறுத்தப்பட்டது. அதைத் தெரிவித்தபோது ஹெட்போன் கழற்றப்பட்டிருந்ததால், தங்கராசு சிரித்தபடியே நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

செங்குட்டுவனால் தாளத்தை விட்டுவிட முடியவில்லை. டாக் வாரியத்தில் இருக்கிறது. வாரியத்துக்குள் போக ஒரே வழி மறுசோதனைக்கு எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுத்தார். விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் போய்க் கண்ணாடி அறையில் உட்கார்ந்தார். பிரவீன்குமாருக்கும் மனசு என்று ஒன்று இருந்தது. சோதனை முடிந்த பிறகு தன் போனை டாக்கில் செருகிக் கொஞ்ச நேரம் மேளம் போடுவார். செங்குட்டுவன் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக் கேட்டுவிட்டு, தன் சொந்தப் பெட்டியைத் தொடாமல் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார். அவர் பெயருக்கு நேரே 'மிகச் சிறப்பு' என்று ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனது. வாரிய வரலாற்றில் இத்தனை தடவை நன்றாகக் கேட்ட காது வேறு கிடையாது.

"ஏங்க, அவங்க கிட்ட நல்லா கேக்குதுன்னு நீங்களே சாட்சி சொல்லிகினு வரீங்க" என்று செவ்வந்தி கத்தினாள்.

"தெரிது. கொஞ்ச நேரம் கேக்கறேன், வுடு" என்றார் அவர்.

அந்தக் கொஞ்ச நேரமும் நிலைக்கவில்லை. ஒருநாள் தலைவர் சோதனை அறைக்கு வந்தபோது டாக்கில் விளக்கு எரிவதைக் கவனித்தார்.

"இது என்ன நீலம்?"

"நல்ல ரெக்கார்டிங் ஓடுதுன்னு அர்த்தம் சார். மட்டமா இருந்தா பச்சை எரியும்."

"காது நன்றாக இருந்தால் நீலம். அப்படித்தானே?"

"இல்ல சார். அது காதப் பாக்கறதில்ல, பாட்டத்தான் பாக்குது."

"பாட்டு நன்றாக இருக்கும்போது கேட்கிறவனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?" என்றார் தலைவர். பிரவீன்குமார் வாயைத் திறந்தார். வாரியத்தில் தானும் காண்ட்ராக்ட்தான் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

புது முறை உடனே நடைமுறைக்கு வந்தது. நீல விளக்கு எரிந்தால் காது நலம். ஹெட்போன் தேவையில்லை, அது அழுக்குச் சேர்க்கிறது, தொற்றுக்கு வழி. ஒரு ஷிப்டு ஆட்கள் முழுவதையும் வரிசையில் நிற்க வைத்து, விளக்கைக் காட்டி, அனைவருக்கும் சான்றிதழ் வழங்கினார்கள். நூறு பேரைச் சோதிக்க ஒரு பீடி புகைக்கிற நேரம்கூட ஆகவில்லை. அடுத்த மறுசோதனைக்கு வந்த செங்குட்டுவனையும் விளக்கின் முன்னால் நிறுத்தினார்கள். பிரவீன்குமாரின் போனிலிருந்து டாக்குக்குள் மேளம் ஓடிக்கொண்டிருந்தது. நாகஸ்வரம், தவில், தாளம், எல்லாம் உள்ளே. வெளியே வர வழியில்லை. அவர் நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ஆள் தோளில் தட்டும்வரை நகரவில்லை.

வருட முடிவில் வாரியம் விழா எடுத்தது. சிறந்த செவிக்கான பரிசு செங்குட்டுவனுக்கு. செவ்வந்தியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் பட்டுத் துணி விரித்த முக்காலியின்மேல் டாக். அதற்கு ஒரு சிறிய மாலை. விளக்கு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. செங்குட்டுவனுக்குப் பொன்னாடை போர்த்தி, பரிசு கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட டாக்கின் புகைப்படம்.

தலைவர் பேசத் தொடங்கினார். "சிலர் காதடைப்பான் வேண்டும் என்று மனுக் கொடுக்கிறார்கள். காது கேட்க வேண்டும் என்பதற்காகவே நிறுவப்பட்ட வாரியம், கேட்கிற காதை அடைக்கத் துணை போகலாமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்! சிலர் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். சத்தம் குறைந்தால் காதுக்கு என்ன வேலை? வேலையில்லாக் காது சோம்பிவிடாதா? டிரைவ் ஹெட்டில் இத்தனை ஆண்டுகள் நின்ற செங்குட்டுவன் அவர்களின் காதைப் பாருங்கள். அது அங்கே வளர்ந்த காது! அங்கே விளைந்த காது! இந்த வாரியம் தொழிலாளியின் குரலுக்குச் செவிசாய்க்கவில்லை என்கிறார்கள். நான் கேட்கிறேன், தொழிலாளிக்கே எல்லாம் கேட்கும்போது நாங்கள் எதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்?"

அரங்கம் கைதட்டியது. மற்றவர்கள் கை அசைவதைப் பார்த்துச் செங்குட்டுவனும் தட்டினார். தலைவரின் வாய் மேளக்காரர் இல்லாத மேடையில் ஆடுகிற ஆட்டம்போல அவருக்குத் தெரிந்தது. நர்சரிக்கு மாற்றல் தருவதாகத்தான் ஒருவேளை சொல்கிறாரோ என்று ஒரு நப்பாசை. இத்தனை பாராட்டுகிறவர்கள் அதைக்கூடவா செய்யமாட்டார்கள்?

தலைவர் கையிலிருந்த காகிதத்தைக் குனிந்து படித்தார். "இந்த நன்னாளில் ஒரு வேண்டுகோள். டிரைவ் ஹெட்டில் ஓய்வு பெறும்வரை, மாற்றல் கோராமல், தன் சொந்த விருப்பத்தோடு பணியாற்ற முன்வரும் உத்தமர் யாரேனும் இங்கே உண்டா?"

படித்துவிட்டு நிமிர்ந்து செங்குட்டுவனைப் பார்த்தார்.

செங்குட்டுவனின் கை மேலே போயிற்று.

செவ்வந்தி நாற்காலியிலிருந்து பாய்ந்து எழுந்தாள். அதற்குள் அரங்கமே எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. செல்லக்கிளி அம்மையார் அந்தக் கை உயர்ந்திருக்கும்போதே போட்டோ எடுக்கச் சொன்னார். செங்குட்டுவன் கையை இறக்காமலே, எல்லார் முகத்தையும் பார்த்துச் சிரித்தார். மாற்றல் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"என்னா சொன்னாரு?" என்று மேடையிலிருந்தே கேட்டார்.

செவ்வந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவருக்குக் கேட்காது. இந்தக் கைதட்டலில் யாருக்குமே கேட்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலை நீட்டினாள். டிரைவ் ஹெட்டில் சுழற்றுவதுபோலச் சுழற்றினாள்.

செங்குட்டுவனுக்குப் புரிந்துவிட்டது. தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

தலைவரும் அந்த விரலைப் பார்த்தார். முகம் மலர்ந்து மைக்கைப் பிடித்து, துணைவியாரும் மகிழ்ச்சியோடு சம்மதம் தெரிவிக்கிறார் என்று அறிவித்தார்.